பேச்சியம்மாளின் வாய்

கூடத்தில் ஆவுடையின் புருஷனும் அவருடைய பெண்டாட்டியும் ஜோடியாக உட்கார்ந்து பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆவுடை சமையலறையில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பெண்டாட்டி என்றால் டிவி பெண்டாட்டி, புஷ்பவேணி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செவ்வாய்க்கிழமை தவறாமல் ஊரையே டிவி முன்னால் உட்காரவைத்த ‘ஆமாஞ்சாமி குடும்பம்’ தொடரில் ஆமாஞ்சாமி ஆறுமுகமாக நடித்தவர் ஆவுடையின் புருஷன் தில்லைநாதன், அவரை வாரத்துக்கொரு முறை வறுத்தெடுக்கும் மனைவி பேச்சியம்மாளாக நடித்தவள் புஷ்பவேணி. எழுதியதும் தில்லைநாதன்தான். இப்போது யாரோ இளவட்டங்கள் சேர்ந்து அதை மறுபடியும் எடுக்கப்போகிறார்களாம், ஃபோனில் பார்க்கிற மாதிரி. அதற்கு முன்னோட்டமாக இந்தப் பேட்டி. ஃபேனை நிறுத்தலாமா என்று கேட்டபோது ஆவுடை சரி என்றாள். ஃபிரிட்ஜையும் நிறுத்தட்டுமா என்றபோது சரி என்றாள். குக்கர் மட்டும் வெச்சிடாதீங்க ஆன்ட்டி, விசில் வந்தா திரும்ப எடுக்கணும் என்று பேட்டி எடுக்கும் பெண் மிருணாளினி கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியபோதும் சரி என்றுதான் சொன்னாள். முப்பது வருஷமாக அவள் வாயில் சரியும் ஆமாவும்தான் குடியிருக்கின்றன, எடுத்துக் கொடுப்பதில் சிரமமே இல்லை. ஆனால் ஃபிரிட்ஜின் முனகல் நின்றதும் வீடே காதாகிவிட்டது. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் பேசுவது ஓர் எழுத்து சிந்தாமல் இந்தப் பக்கம் வந்து விழுந்தது. அதுவும் நல்லதற்குத்தான், அவளுக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே தில்லைநாதன் சொல்லியிருந்தார், “இன்னிக்குச் சொல்லிடறேன் ஆவுடை. அந்த வசனமெல்லாம் யாருதுன்னு இன்னிக்குச் சொல்லிடறேன்.” அவள் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். கேட்டிருந்தால் இவ்வளவு நம்பியிருக்க மாட்டாள்.

வேர்த்து முதுகோடு ரவிக்கை ஒட்டிக்கொண்டது. ஃபிரிட்ஜில் பால் இருக்கிறது, மாவு இருக்கிறது, புளித்தால் புளிக்கட்டும். இன்றைக்குப் புளிக்காதது எது. சற்று முன்னால் அந்தக் காப்பிக் கூத்து வேறு. பேச்சியம்மா சமையலறையிலிருந்து காப்பியோடு வருவது மாதிரி ஒரு ஷாட் வேண்டுமென்றார்கள். அதனால் புஷ்பவேணி இந்த அறைக்குள் வந்து இதே இடத்தில் நின்றாள். அறுபதைத் தாண்டியும் கழுத்தில் ஒரு மடிப்புக் கிடையாது. “அக்கா, உங்களுக்கு எவ்வளவு தொல்லை” என்று ஆவுடையின் தோளைத் தொட்டாள். மனசாரத் தொட்டதுதான், அதுதான் தாங்கவில்லை. வெடுக்கென்று இருந்திருந்தால் வெறுத்துத் தொலைக்கலாம். ஆவுடை காப்பி போட்டுக் கொடுத்தாள், புஷ்பவேணி வாங்கிக்கொண்டு போனாள். கட். வெளிச்சம் சரியில்லை. மறுபடி. காப்பி ஆறிவிட்டது, ஆவி பறந்தால்தான் அழகு ஆன்ட்டி. மறுபடி. ஒவ்வொரு தடவையும் ஆவுடை சுடவைத்தாள், ஒவ்வொரு தடவையும் அவள் தூக்கிக்கொண்டு போனாள். கடைசித் தடவை தில்லைநாதன் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு “ஆஹா” என்றார். இந்த வீட்டில் அவர் காப்பி குடித்து ஆஹா என்று சொல்லி ஆவுடை கேட்டதில்லை. டம்ளரைக் கீழே வைக்கும் சத்தத்தைத்தான் கேட்டிருக்கிறாள், அந்தச் சத்தத்தை வைத்து நன்றாக இருந்ததா இல்லையா என்று கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். நடிப்புதானே, நடிப்புக்கு ஆஹா சொன்னால் என்ன. நடிப்புக்குச் சொல்ல வாயில் ஆஹா இருந்திருக்கிறதே, இத்தனை நாள் எங்கே வைத்திருந்தார்.

கூடத்தில் சிரிப்பு. புஷ்பவேணி பேச்சியம்மா மாதிரி பேசிக்காட்டுகிறாள். “ரசத்துல உப்பு இல்லன்னு சொல்லுதியளே, ஒங்க பேச்சுல இருக்கா?” அந்த ‘சொல்லுதிய’வில் ஒரு இழுப்பு வேண்டும், அது அவளுக்கு அன்றைக்கும் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவளுக்கு எங்கிருந்து வரும். ஆவுடை திருநெல்வேலிப் பக்கம், கல்லிடைக்குறிச்சிக்காரி. வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்லித்தான் கட்டிக்கொடுத்தார் அப்பா. “மாப்ள, இவ பேசுனா நீங்க காத மூடிக்கிடுங்க, கொஞ்ச நேரத்துல தானா ஓஞ்சிருவா” என்று கல்யாணப் பந்தலிலேயே சொன்னார். மாப்பிள்ளை காதை மூடவில்லை. அதுதான் அவளுக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம் என்று புதிதில் நினைத்தாள். அவள் சண்டை பிடித்தால் அவர் எதிர்த்துப் பேச மாட்டார், எழுந்து போக மாட்டார், தலையைச் சாய்த்துக்கொண்டு கச்சேரி கேட்கிற மாதிரி கேட்பார். கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். எந்தப் பெண்டாட்டிக்குக் கிடைக்கும் இது, ஏசினால் முகம் மலர்கிற புருஷன். அவள் இன்னும் நன்றாக ஏசினாள். ஆமாம், அதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், அவர் அப்படிப் பார்க்கிறார் என்பதற்காகவே சில நாள் இல்லாத சண்டையை இழுத்தாள், சொல்லைத் தேடி எடுத்துப் போட்டாள். “நீங்க வீட்டுக்கு வாரது வாடக வாங்க வாரவன் மாதிரில்லா இருக்கு, வாசல்லயே நிக்கிய” என்று ஒரு நாள் சொன்னபோது அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று ரசித்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை அது பேச்சியம்மாளின் வாயிலிருந்து வந்தது. தெருவே சிரித்தது, எந்த வீட்டிலிருந்து எந்தச் சிரிப்பு என்றுகூடத் தெரிந்தது. ஆவுடைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மறுநாள் மாடிப் போர்ஷன் சந்திரமதியிடம் துணி காயப்போட்டுக்கொண்டே, ஒன்றும் இல்லாதது போல, “அது நான் சொன்னதுதான்” என்றாள். சந்திரமதி விழுந்து விழுந்து சிரித்தாள். “ஐயோ, எனக்கும் அப்படியேதாங்க இருந்துச்சு, நான் எங்க வீட்ல பேசினதை ஒட்டுக்கேட்டு எழுதின மாதிரி. எல்லார் வீட்லயும் அதே கதைதான் போல.” அதற்குப் பிறகு ஆவுடை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எல்லாப் பெண்களும் அவரவர் கையைத் தூக்குவார்கள் போலிருந்தது, அவளும் அந்த வரிசையில் ஒருத்தி. பிறகு திருநெல்வேலியில் ஒரு மன்றத்துக்காரர்கள் விழா எடுத்து, நெல்லைத் தமிழை நாடறியச் செய்தவள் என்று புஷ்பவேணிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சொந்த ஊர்க்காரர்கள். ஆவுடையின் அத்தை மகன்தான் மேடைக்கு மைக் செட் போட்டவன். வந்து போட்டோ காட்டினான், “மதினி, அந்தம்மா பேச்சு அப்படியே ஒங்க பேச்சு மாதிரியே இருக்கு” என்றான். மாதிரியே. வயிறு எரிந்தது என்பார்களே, அது சும்மா சொல்கிற வார்த்தை இல்லை, அன்றைக்கு ராத்திரி அவள் மோர் குடித்துவிட்டுத்தான் படுத்தாள்.

ஒரு கோடு எறும்பு சுவரோரமாகச் சர்க்கரை டப்பாவைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. துடைக்க எழுந்தவள் உட்கார்ந்துவிட்டாள், முக்காலி கிறீச்சிடும். அந்தக் காலத்தில் அவள் தில்லைநாதனின் சட்டையை மோந்து பார்த்திருக்கிறாள். பவுடர் வாசனை வரும், அவர் கழுத்துப் பட்டையில் அவருக்கே மேக்கப்காரர் போட்ட பவுடர்தான். பைக்குள் தேடியிருக்கிறாள், ஷூட்டிங் முடிகிற நேரத்தை விசாரித்திருக்கிறாள், ஒரு தடவை பொய்க் காரணம் சொல்லிப் படப்பிடிப்புக்கே போய் நின்றிருக்கிறாள். அங்கே ஒன்றும் இல்லை. புஷ்பவேணி ஒரு மூலையில் தன் பிள்ளைக்குப் பருப்புச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள், தில்லைநாதன் இன்னொரு மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஏமாற்றமாக இருந்தது. இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்திருக்கும், ஊரைக் கூட்டியிருக்கலாம், அம்மா வீட்டுக்குப் போயிருக்கலாம், நாலு பேர் நியாயம் சொல்லியிருப்பார்கள். உடம்பை எடுத்துக்கொண்டவளைத் திட்டலாம். வாயை எடுத்துக்கொண்டவளை என்ன சொல்லித் திட்டுவது. அதுவும் எடுத்துக்கொண்டது தெரியாமலே எடுத்துக்கொண்டவளை. எதைச் சொல்லித் திட்டினாலும் அது செவ்வாய்க்கிழமை அவள் வாயிலிருந்தே வரும்.

“சார், மேடம், அந்த எபிசோட்! அது இல்லாம இந்தப் பேட்டியே இல்லை” என்கிறது மிருணாளினியின் குரல். ஆவுடையின் கை முந்தானையைச் சுருட்டுகிறது. வந்துவிட்டது, எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கும். அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது என்று தந்தி வந்தபோது தில்லைநாதனுக்குப் படப்பிடிப்பு இருந்தது. நீ போ, நான் முடித்துவிட்டு வருகிறேன் என்றார். அவள் கைக்குழந்தையோடு ரயிலேறினாள். அப்பா இரண்டு நாள் இருந்தார், போனார். எடுக்கும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் வந்தார், கையில் ஒரு ரோஜா மாலையோடு, அதைப் போட அங்கே ஆள் இல்லை. சென்னைக்குத் திரும்பி வீட்டுக் கதவைத் திறந்ததும் ஆவுடை வெடித்தாள். “எங்கப்பா ஒங்ககிட்ட தேதி கேட்டுட்டுல்லா செத்திருக்கணும்! எங்கப்பா மேலதான் தப்பு!” தொண்டை கிழியச் சொன்னாள், பெட்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள். அவர் தலையைச் சாய்த்தார். கண்ணில் அந்த வெளிச்சம் வந்தது. இதற்குமா என்று நினைத்தாள், இதற்குக்கூடவா. வராது, இதை எழுத மாட்டார், இது வேறு என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். எழுதினார். அந்தக் கதையில் ஆறுமுகத்துக்கு லீவு கிடைக்காது, மாமனார் இறந்துவிட்டதாக வந்தது தப்பான தந்தி, பேச்சியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு “எங்கப்பா மேலதான் தப்பு!” என்று கத்துகிற நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு அவள் அப்பா பையும் குடையுமாக உள்ளே வருவார், “நான் என்னம்மா தப்பு செஞ்சேன்?” என்பார். தமிழ்நாடே உருண்டு சிரித்தது. ஆட்டோவின் பின்னால் எழுதினார்கள், கல்லூரிப் பையன்கள் பரீட்சையில் தோற்றால் சொன்னார்கள், சட்டசபையில்கூட யாரோ சொன்னதாகப் பேச்சு. ஆவுடை தரையில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை, அவமானமும் வரவில்லை, பொறாமைதான் வந்தது. சொன்னால் வெட்கக்கேடு, அட்டையால் செய்த கதவு, ஒட்டுத்தாடி வைத்த நடிகர், அதைப் பார்த்துப் பொறாமை. இருந்தாலும் பேச்சியின் அப்பா வந்துவிட்டாரே. அவள் கத்தினாள், அவள் அப்பா வந்துவிட்டார். இவளும் அதையேதான் கத்தினாள், அதே சொல், ஒரு சொல் மாறவில்லை.

அன்றைக்கு மூடிய வாய். முடிவு செய்து மூடியதில்லை, மறுநாள் சண்டைக்கு ஒரு காரணம் வந்தபோது நாக்குப் புரளவில்லை. சரி என்றாள். அதற்கு மறுநாள் ஆமாங்க என்றாள். தில்லைநாதன் சீண்டிப் பார்த்தார், சோற்றில் கல் என்றார், தாமதமாக வந்தார், அவள் அத்தையைக் குறைசொல்லிப் பார்த்தார். வாயில் கொழுக்கட்டை வைத்தவள் மாதிரி நின்றாள். அவள் மௌனத்தில் ஒரு சுகம் இருந்தது, கொடுக்க மாட்டேன் என்கிற சுகம். பேச்சியம்மா சில வாரம் பழைய சரக்கையே திருப்பிப் பேசினாள், பிறகு அசட்டுத்தனமாகப் பேசினாள், பிறகு தொடரே நின்றுபோனது. அவ்வளவு பேர் வாங்கிய தொடரை ஏன் நிறுத்தினார் என்று அன்றையிலிருந்து கேட்காத ஆள் இல்லை. ஜெயித்துவிட்டதாகத்தான் ஆவுடை நினைத்தாள். ஆனால் ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் அவளை அப்படிப் பார்க்கவே இல்லை. தலை சாயவில்லை. நல்ல மனுஷனாகத்தான் இருந்தார், மாத்திரை வாங்கி வந்தார், கோயிலுக்குக் கூட்டிப்போனார், முகத்தைப் பார்த்துப் பேசினார், அந்த வெளிச்சம் மட்டும் இல்லை. விழாக்களில் புஷ்பவேணியோடு மேடையேறிப் பழைய காட்சியைச் செய்துகாட்டும்போது மட்டும் அது வரும். ஆவுடையின் சொல்லைப் புஷ்பவேணி சொல்ல, புஷ்பவேணியைப் பார்த்து வரும். முன்வரிசையில் உட்கார்ந்து ஆவுடை அதைப் பார்ப்பாள். சொல் போனால் போகட்டும், அந்தப் பார்வை அவளுக்குச் சேர வேண்டியது.

“ஏன் சார் நிறுத்தினீங்க? இப்ப ரெண்டாவது பாகம் வரப்போகுது, இப்பவாவது சொல்லுங்க.”  எறும்பு ஆவுடையின் காலில் ஏறியது, தட்டவில்லை. தில்லைநாதன் தொண்டையைச் செருமினார். சொல்லிடறேன் என்று காலையில் சொன்ன அதே தொண்டை. “அது வந்து…” என்றார்.  “உண்மையைச் சொல்லணும்னா, அந்த வசனமெல்லாம் என்னது இல்லைம்மா.” ஆவுடை எழுந்து நின்றாள். முக்காலி கிறீச்சிட்டது, யாரும் கவனிக்கவில்லை. எழுந்தவள் முந்தானையைச் சரிசெய்தாள், கூப்பிடுவார், கூப்பிட்டால் இந்த வேர்த்த முகத்தோடா போவது, கையால் நெற்றியைத் துடைத்தாள், பொட்டு கலைந்துவிட்டதா என்று எவர்சில்வர் தூக்குவாளியில் பார்த்தாள். “நான் ஏதோ எழுதிக் கொடுப்பேன். பாதி இவங்க வாயில தானா வந்ததுதான். இவங்களுக்கு அப்பக் குடும்பத்துல கொஞ்சம் கஷ்டம், தொடர்ந்து வர முடியலை. இவங்க இல்லாம பேச்சியம்மா ஏது? அதான் நிறுத்திட்டேன்.” “ஐயோ சார், பெருந்தன்மை” என்றாள் புஷ்பவேணி, அவள் அதை நம்பிவிட்டாள். கைதட்டினார்கள். ஆவுடை தூக்குவாளியில் தெரிந்த தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்துவிட்டார், அவ்வளவுதான். கேமராவைப் பார்த்ததும் பயந்து பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டார். பக்கத்தில் இவள் இருந்திருந்தால் இவளிடம் கொடுத்திருப்பாரோ என்னமோ. இவளைத்தான் சத்தம் போடக் கூடாது என்று உள்ளே உட்காரவைத்தாயிற்றே. பிறகு அவள் கை துவரம்பருப்பைக் கழுவியது, குக்கரில் போட்டது, மூடியைத் திருகியது, வெயிட்டை மறக்காமல் வைத்தது. அடுப்பைப் பற்றவைத்தாள். கூடத்தில் புஷ்பவேணி தன் கஷ்ட காலத்தைச் சொல்ல ஆரம்பித்திருந்தாள், அழுகை வருகிற இடம் நெருங்கிக்கொண்டிருந்தது. குக்கர் முதலில் சீறியது, பிறகு நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்தியது.

 “கட், கட்” என்றான் ஒருத்தன். திரைச்சீலை விலகி தில்லைநாதன் வந்தார், சட்டைக் காலரில் கறுப்பாக ஒரு சின்ன மைக் குத்தியிருந்தது, அதில் அணையாமல் ஒரு பச்சைப் பொட்டு. “என்ன ஆவுடை, சொல்லியிருந்தாங்களே… தெரியாம வெச்சிட்டியா?” என்றார் மெதுவாக. தெரியாமல் என்று சொல்லிவிடு என்று கெஞ்சுகிற முகம். ஆமாங்க என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். வேறு வந்தது. “தெரிஞ்சுதான் வெச்சேன். இந்த வீட்டுல குக்கருக்காவது சொந்தமா ஒரு விசில் இருக்குலா. அதையும் எழுதி அவ வாயில குடுத்துராதிய!” முப்பது வருஷத் துருவேறிய குரல், ஆனால் இழுப்பு அப்படியே இருந்தது. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. மிருணாளினி சிரித்தாள், கேமராப் பையன்கள் சிரித்தார்கள், எல்லோருக்கும் மேலே புஷ்பவேணி கையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். ஆவுடை திகைத்துப்போனாள். இத்தனை காலம் பக்கத்து வீட்டுச் சுவர் வழியாக, டிவிப் பெட்டி வழியாக, மன்றத்துப் போட்டோ வழியாக வந்த சிரிப்பு, இப்போது நேரே வந்து அவள் மேல் விழுந்தது. இனித்தது. இவ்வளவு இனிக்கும் என்று யாரும் சொல்லவில்லையே, இதையா மற்றவளுக்குக் கொடுத்தோம். எதிரே தில்லைநாதனின் தலை லேசாகச் சாய்ந்திருந்தது, கண்ணில் அது வந்துவிட்டது, அப்படியே பழையபடி வந்துவிட்டது. அவருக்கே அது உறைத்திருக்க வேண்டும், சட்டென்று கையால் மைக்கைப் பொத்தினார். ஆவுடை அந்தக் கையைப் பிடித்து விலக்கினாள். இன்னும் ஒன்று இருந்தது. அம்மாவிடம் சொல்லாதது, பெற்ற மகளிடம் சொல்லாதது, இவர் எழுதிவிடுவார் என்றே வாயைத் திறக்காமல் காத்தது. சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்துவிட்டுச் சொன்னாள். “எங்கப்பாவுக்குக் கடைசி மூச்சு. என் கையப் பிடிச்சிக்கிட்டு, மாப்ள வரலியாம்மான்னு கேட்டாரு. செவ்வாக்கிழம வருவாருப்பா, டிவில பாருங்கன்னேன்.” கூடம் அதிர்ந்தது, முதல் சிரிப்பெல்லாம் ஒன்றுமே இல்லை, யாரோ நாற்காலியைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். தில்லைநாதன் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது, “ஆவுடை” என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. சத்தம் வந்த பக்கமாகத் திரும்பி, அது ஓயட்டும் என்று நின்றுகொண்டிருந்தாள்.